பீர் கிட் வாங்கலாமா? விலையை விடுங்க, வகுக்கிற எண்ணைப் பாருங்க



நம்ம சேனலுக்கு தங்கம், சீட்டு, டேர்ம் இன்சூரன்ஸ் பத்தி கேள்வி வர்றது வழக்கம். கொஞ்ச நாளா புதுசா ஒரு கேள்வி வருது. "சார், வீட்லயே பீர் தயாரிக்கிற கிட் ஆன்லைன்ல விக்குது. எதை வாங்கினா லாபம்?" கேக்குறவங்க ரெண்டு வகை. ஒண்ணு, கண்டாச்சிபுரம், முகையூர், விழுப்புரம் பக்கம் இருக்கிற இளைஞர்கள். இன்னொண்ணு, நம்ம ஊர்லேருந்து சிங்கப்பூர், லண்டன், அமெரிக்கான்னு போனவங்க. கேள்வி ஒண்ணுதான், ஆனா பதில் வேற வேற.

குடிக்கலாமா வேண்டாமான்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. நான் ஆடிட்டர். ஒரு பொருள் அதோட விலைக்கு உழைக்குமா, அதை வாங்குறதால வேற என்ன செலவு பின்னாடி வரும்னு பாக்குறதுதான் என் வேலை. அந்தக் கணக்கை மட்டும் பாப்போம்.

அடிப்படைக் கணக்கு

எந்தக் கருவிக்கும் உண்மையான விலை, பில்லுல இருக்கிற தொகை இல்ல. அந்தத் தொகையை, அதை வெச்சு நீங்க நிஜமா எவ்வளவு பயன்படுத்துறீங்களோ அதால வகுத்தா வர்றதுதான். ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஹோட்டல் கிரைண்டர் எதுக்கு? "லிட்டர் கணக்குல பாத்தா பெரிசுதான் மலிவு"ன்னு கடைக்காரர் சொல்வார். தினமும் அவ்வளவு மாவு ஆட்டினாதான் அது மலிவு.

பீர் கிட்டும் அப்படித்தான். மேல விலை, கீழ நீங்க குடிக்கப்போற லிட்டர். எல்லாரும் மேல இருக்கிற எண்ணையே பாக்குறாங்க. கீழ இருக்கிற எண்தான் முடிவு பண்ணும்.

தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு: கீழ இருக்கிற எண் பூஜ்ஜியம்

இங்க இன்னிக்கும் நடைமுறையில இருக்கிறது 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதல் மந்திரியா இருந்தப்ப சேலம் மாவட்டத்துல ஆரம்பிச்சது. டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறதால அந்தச் சட்டம் செத்துப்போச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. கடை நடக்கிறதே அந்தச் சட்டத்துக்குள்ள அரசு கொடுத்துக்கிட்ட அனுமதியிலதான்.

அதோட 4-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. மது தயாரிச்சா மட்டும் குற்றம் இல்ல. மது தயாரிக்கிறதுக்கான பொருளோ, பாத்திரமோ, கருவியோ வெச்சிருந்தாலே குற்றம். "வீட்டு உபயோகத்துக்கு இத்தனை லிட்டர் வரை பரவாயில்ல"ங்கற விலக்கு அதுல கிடையாது. ஆல்கஹால் இருக்கிற எந்தத் திரவமும் மதுங்கற வரையறைக்குள்ள வந்துடும், பீர் பேரைச் சொல்லியே சேர்த்திருக்கு.

"ஆன்லைன்ல ஓப்பனா விக்கிறாங்களே சார்?" விக்கலாம். ஒரு மூடி போட்ட வாளியும், ஒரு ரப்பர் குழாயும், ஒரு தெர்மாமீட்டரும் தனித்தனியா குற்றம் இல்ல. எதுக்காக வெச்சிருக்கீங்கங்கறதுதான் கேள்வி. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் பாக்கெட்டோட "பீர் தயாரிக்கும் கிட்"னு அச்சடிச்ச டப்பா வீட்ல இருந்தா, எதுக்குன்னு வேற யாரும் நிரூபிக்கவே வேண்டாம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. பனையில ஏத்துற கலயத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு தடவினா இறங்குறது பதநீர். தடவலைன்னா அதே பாளையிலேருந்து வர்ற அதே சாறு சில மணி நேரத்துல புளிச்சு கள்ளு. கள்ளுக்கு 1987 ஜனவரியிலேருந்து தடை. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். பாத்திரத்தைப் பார்த்தே கேஸ் போடுறதுங்கறது இங்க ரொம்ப காலமா நடக்கிற விஷயம்.

அதுவும் இப்ப எந்த நேரம்? 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்துலயும், செங்கல்பட்டு மாவட்டத்துலயும் விஷச் சாராயம் குடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல. அந்த மாசமே சட்டசபையில தண்டனையை இன்னும் கடுமையாக்கி திருத்தம் வந்துச்சு. இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுலதான் நம்ம கண்டாச்சிபுரம் இருக்கு. "சார், இது சாராயம் இல்ல, கிராஃப்ட் பீர்"னு ஸ்டேஷன்ல விளக்கம் சொல்ற நிலைமையை நினைச்சுப் பாருங்க.

இப்ப செலவுக் கணக்குக்கு வாங்க. கிட் பறிமுதல், அபராதம், வக்கீல் ஃபீஸ், கோர்ட்டுக்கு அலையுற நாளோட சம்பளம். இதெல்லாம் எண்ணிப் பாக்கலாம். எண்ணவே முடியாதது ஒண்ணு இருக்கு. இந்தக் கேள்வி கேட்ட தம்பிங்கள்ல பாதிப் பேர் குரூப் 2, குரூப் 4, போலீஸ் வேலைக்குப் படிக்கிறவங்க. மீதிப் பேர் வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் எடுத்து வெச்சிருக்கிறவங்க. நிலுவையில ஒரு கிரிமினல் கேஸ் இருந்தா ரெண்டு கதவும் இடிக்கும். மூணு நாலு வருஷப் படிப்பையும் கோச்சிங் ஃபீஸையும் மேல இருக்கிற எண்ணோட சேர்த்து எழுதுங்க. கீழ சட்டப்படி குடிக்கக்கூடிய லிட்டர்: பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால வகுக்க முடியாதுன்னு நம்ம கணக்கு வாத்தியாரே சொல்லிட்டார்.

அதனால சிங்கப்பூர் அண்ணன் ஊருக்கு வர்றப்ப சும்மா கொடுத்துட்டுப் போனாலும் அது நமக்கு விலை அதிகமான கிட்தான். வேண்டாம்.

வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு: எந்த நாடுன்னு முதல்ல பாருங்க

சிங்கப்பூர்ல 18 வயசுக்கு மேல இருக்கிறவங்க சொந்த உபயோகத்துக்கு வீட்ல பீர் தயாரிக்கலாம், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரை. விக்கக்கூடாது, காய்ச்சி வடிக்கக்கூடாது. இங்கிலாந்துல 1963-லேயே லைசென்ஸ் தேவையில்லன்னு ஆயிடுச்சு, விக்காத வரைக்கும். அமெரிக்காவுல 1978-ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி ஒரு ஆளுக்கு வருஷம் 100 காலன், அதாவது சுமார் 378 லிட்டர். ஆனா மாநிலச் சட்டம் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-லதான் அனுமதிச்சாங்க. குவைத், சவுதியில இருக்கிற நம்ம ஆளுங்க இதைப் படிக்கிறதோட நிறுத்திக்குங்க. அங்க மாட்டினா ஜெயில், அப்புறம் ஊருக்கு அனுப்பிடுவாங்க. வேலைக்குப் போக வாங்கின கடன் மட்டும் இங்க நிக்கும்.

சிங்கப்பூரோட அந்த 30 லிட்டரை கவனிங்க. 23 லிட்டர் வாளி வாங்கினா மாசத்துக்கு ஒரு தடவைதான் போட முடியும், ரெண்டாவது தடவை போட்டா வரம்பு தாண்டிடும். கருவியோட அளவை சட்டமே பாதி தீர்மானிச்சிடுது.

சின்னதா பெருசா? ஒரு கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். புரியறதுக்காக சிங்கப்பூர் டாலர்ல இப்படி வெச்சுக்குவோம்:

- 5 லிட்டர் ஜாடி செட் (அடுப்புக்கு வீட்டுக் குண்டானே போதும்): 60
- 23 லிட்டர் வாளி செட்: 150
- எல்லாமே ஒண்ணுல இருக்கிற எலக்ட்ரிக் மெஷின்: 800

விளம்பரத்துல என்ன சொல்வாங்க? ஒரு தடவைக்கு இத்தனை லிட்டர், வருஷத்துக்கு இத்தனை தடவைன்னு பெருக்கி, பெரிய மெஷின்தான் மலிவுன்னு காட்டுவாங்க. நாம தலைகீழா வருவோம். நீங்க இப்ப வாரத்துக்கு எவ்வளவு குடிக்கிறீங்க? 330 மில்லி பாட்டில் ரெண்டுன்னா வருஷத்துக்கு சுமார் 34 லிட்டர், ரெண்டு வருஷத்துக்கு 68.

60-ஐ 68-ஆல வகுத்தா லிட்டருக்கு 88 காசு. 150-ன்னா 2 டாலர் 20 காசு. 800-ன்னா கிட்டத்தட்ட 12 டாலர். இது கருவிக்கு மட்டும். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், கரண்ட் தனி.

"அப்ப கூட தயாரிச்சா காசு குறையுமே?" இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. 20 லிட்டர் கையில இருந்தா அது 60 பாட்டில். வாரம் ரெண்டு குடிச்சவர் வாரம் ஆறு குடிப்பார். லிட்டர் விலை குறைஞ்சிருக்கும், மாசச் செலவு ஏறியிருக்கும், உடம்பு வேற. தள்ளுபடியில மூணு சட்டை வாங்கினவர் மிச்சம் பிடிச்ச கதைதான் இது.

சின்ன செட்டுக்கும் ஒரு குறை உண்டு. மால்ட்லேருந்து ஆரம்பிச்சா 5 லிட்டருக்கும் 20 லிட்டருக்கும் அதே நாலஞ்சு மணி நேரம்தான் ஆகும். மாசம் 20 லிட்டர் நிஜமா தீர்ந்துபோற வீடு, ரெண்டு மூணு பேர் பகிர்ந்துக்குறவங்கன்னா வாளி செட் நியாயம். எலக்ட்ரிக் மெஷினை முதல் வருஷம் யாரும் வாங்க வேண்டாம்ங்கறது என் கருத்து. மூணு தடவை போட்டுட்டு அலுத்துப்போனா சின்ன செட்ல 60 டாலர் நஷ்டம், மெஷின்ல 800.

எதுல கை வைக்கலாம், எதுல கூடாது

குண்டானுக்கு காசு வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் போதும். மால்ட்டை ஒரு வடிதுணிப் பையில கட்டி அதே பாத்திரத்துல ஊறவெச்சு எடுத்துடலாம். தனி வடிகட்டித் தொட்டி தேவையில்ல.

புளிக்கவைக்கிற வாளி உணவுத் தரம் உள்ள பிளாஸ்டிக்கா இருக்கணும். உள்பக்கம் கம்பி நார் போட்டுத் தேய்ச்சா கீறல்ல கிருமி தங்கும். கீறல் விழுந்த வாளியை மாத்திடுங்க. பத்து டாலரைப் பிடிச்சுவெச்சு முப்பது டாலர் சரக்கைக் கொட்ட வேண்டாம்.

கிருமி நீக்கிக்கு கஞ்சத்தனம் கூடவே கூடாது. கழுவுறது வேற, கிருமி நீக்குறது வேற. கொதிச்சு ஆறினதுக்கு அப்புறம் அதைத் தொடுற எல்லாத்துக்கும், குழாய், மூடி, கரண்டி உள்பட, இது வேணும். வீணாப்போற சரக்குல பெரும்பகுதி இங்கதான் போகுது.

ஹைட்ரோமீட்டர் கட்டாயம். ஆரம்பத்துல 1.050, கடைசியில 1.010-ன்னு காட்டினா வித்தியாசம் 0.040, அதை 131-ஆல பெருக்கினா சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். அதைவிட முக்கியம், ரெண்டு மூணு நாள் இடைவெளியில ஒரே எண் காட்டினாதான் புளிப்பு முடிஞ்சுதுன்னு அர்த்தம். முடியறதுக்கு முன்னாடி பாட்டில்ல அடைச்சா அழுத்தம் ஏறி கண்ணாடி வெடிக்கும். நுரைக்காக லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போதும், தராசுல நிறுத்துப் போடுங்க. முதல் ரெண்டு தடவை பிளாஸ்டிக் பாட்டில் நல்லது, அமுக்கிப் பார்த்தே அழுத்தம் தெரிஞ்சுடும்.

ஒளிஞ்சிருக்கிற செலவு: சூடு

கிட் டப்பாவுல எழுதாத செலவு இது. சாதாரண ஏல் ஈஸ்ட் 18-லேருந்து 22 டிகிரிக்குள்ள வேலை செஞ்சாதான் ருசி. சூடு ஏறினா என்ன ஆகும்னு மே மாசத்துல ஆப்ப மாவு கரைச்சு வெச்ச எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வாங்க. லண்டன்ல வீட்டு மூலையே போதும். சிங்கப்பூர்ல வருஷம் பூரா 30 டிகிரி, அதனால தனி ஃபிரிட்ஜும் டெம்பரேச்சர் கண்ட்ரோலரும் கேக்கும். அப்ப 60 டாலர் கிட் 300 ஆயிடும்.

இதுக்கு மலிவான வழி ஒண்ணு உண்டு. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகள்ல தலைமுறை தலைமுறையா வெச்சிருந்த க்வெய்க்னு ஒரு ஈஸ்ட் வகை, 30 டிகிரிக்கு மேலயும் நல்லாவே வேலை செய்யும். ஃபிரிட்ஜ் வாங்குறதுக்கு முன்னாடி ஈஸ்ட்டை மாத்திப் பாருங்க.

ரெண்டு எச்சரிக்கை

பீர் புளிக்கவைக்கிறது, காய்ச்சி வடிக்கிறது இல்ல. மரக்காணத்துலயும் கள்ளக்குறிச்சியிலயும் கொன்னது ஃபேக்டரிக்குப் போக வேண்டிய மெத்தனால். அதுக்கும் பீருக்கும் சம்பந்தமில்ல. ஆனா "அடுத்த கட்டமா வடிச்சுப் பாக்கலாம்"னு ஆசை வந்தா, சிங்கப்பூர்லயும் லண்டன்லயும்கூட அது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

அப்புறம், "கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணி கிட்டுக்கு ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்கலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். முடியாது. குடிக்கிற மது ஜிஎஸ்டிக்கு வெளியில இருக்கு. கருவிக்குக் கட்டின வரியைக் கழிக்க எதிர்ப்பக்கம் வரியே இல்ல.

என் கருத்து

இது முதலீடு இல்ல, பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு காசு செலவு பண்றது தப்பே இல்ல, ஆனா மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு செலவு பண்ணாதீங்க. அனுமதி இருக்கிற நாட்டுல இருக்கீங்கன்னா இப்ப குடிக்கிற அளவுக்கு ஏத்த சின்ன செட், ஒரு ஹைட்ரோமீட்டர், நல்ல கிருமி நீக்கி, அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சும் ஆர்வம் இருந்தா பெருசு பத்தி யோசிங்க.

நம்ம ஊர்ல இருக்கிற தம்பிங்களுக்கு: கார்ட்ல போட்டு வெச்சிருக்கிற கிட்டை எடுத்துடுங்க. அந்தக் காசுல மாசத் தவணையா ஒரு ஆர்டி போடுங்க. பரிட்சை முடிஞ்சு, வேலை கிடைச்சு, போலீஸ் வெரிஃபிகேஷன் முடியிற அன்னிக்கு அது கையில இருக்கும், கேஸ் இருக்காது.

நீங்க இருக்கிற நாட்டுல கணக்கு எப்படி வருதுன்னு வீடியோவுக்குக் கீழ எழுதுங்க.