முதல் பக்கம் பாழானால்தான் என்ன? ஸ்கெட்ச்புக் இருப்பது எதற்காக?

வீக்எண்டில் வரையலாம் என்று ஆசையாக ஆர்டர் போட்டு வாங்கிய ஸ்கெட்ச்புக், பல வீடுகளில் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. பிரித்தவர்களிலும் பலர் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. நேரமில்லை என்பது பாதி காரணம்தான். "இவ்வளவு காசு போட்டு வாங்கியாச்சு, கிறுக்கிப் பாழாக்கிடக் கூடாதே" என்ற பயம் மீதி.

இந்தப் பயம் பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் தொடங்கியது. கோட்டுக்கு வெளியே கலர் போனால் மார்க் போச்சு. இன்று அந்த மார்க் போடும் வேலையை இன்ஸ்டாகிராம் செய்கிறது. ஸ்கெட்ச்புக்கைப் புரட்டிக் காட்டும் ரீல்ஸில் சொதப்பிய பக்கம் ஒன்றைப் பார்ப்பதே அரிது. அதைப் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் இது வராதுப்பா" என்று பிரஷ்ஷைக் கீழே வைப்பவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் ஸ்கெட்ச்புக்கின் முதல் வேலை அழகாக இருப்பது அல்ல. பொருள்களைச் சோதித்துப் பார்க்க இடம் தருவது.

எதைச் சோதிப்பது?

முதலில் காகிதம். சாதாரண பிரின்டர் பேப்பர் 70 முதல் 80 ஜிஎஸ்எம் இருக்கும். அதில் வாட்டர்கலர் வைத்தால் சுருண்டுவிடும். வாட்டர்கலருக்குப் பலரும் தேர்ந்தெடுப்பது 300 ஜிஎஸ்எம் தாள். கையில் இருக்கும் ஸ்கெட்ச்புக் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பது, ஒரு பக்கத்தை நனைத்துப் பார்த்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து, காய்ந்த பிறகு நிறம் என்ன ஆகிறது என்பது. வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக் காய்ந்தால் சற்றே அடர்ந்து தெரியும். ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பிப் படம் போடுபவர் ஏமாறுவது இங்கேதான். ஒவ்வொரு நிறத்தையும் சின்னக் கட்டமாகத் தீட்டி, பக்கத்தில் பெயரை எழுதி வைத்தால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

மூன்றாவது, கலவை. "நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை" என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் எந்த நீலம், எந்த மஞ்சள்? லெமன் யெல்லோவுடன் தாலோ ப்ளூ சேர்ந்தால் பளிச்சென்ற பச்சை கிடைக்கும். செம்மை கலந்த அடர் மஞ்சளுடன் அல்ட்ராமரின் சேர்ந்தால் மங்கலான ஆலிவ் பச்சை. அதே அல்ட்ராமரினுடன் பர்ன்ட் சியன்னா சேர்த்தால் அருமையான சாம்பல் நிறம். கறுப்பு டியூபே தேவைப்படாது. மெழுகு கிரேயானில் கோடு போட்டு, அதன் மேல் வாட்டர்கலர் ஓட்டினால் கோடு மட்டும் நிறம் ஏறாமல் பளிச்சென்று நிற்கும்.

வான் கோவின் சுவர் சொல்லும் பாடம்

நான்காவது சோதனைக்கு வெயில் வேண்டும். 1888-இல் பிரான்ஸின் ஆர்ல் நகரில் வின்சென்ட் வான் கோ தன் படுக்கையறையை வரைந்தார். சுவர்கள் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார். இன்று அந்தப் படத்தில் தெரிவது நீலச் சுவர். ஊதாவில் கலந்திருந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் மங்கிவிட்டது.

இன்றும் எல்லா நிறமும் ஒரே அளவுக்கு நிலைத்து நிற்பதில்லை. ஒரு துண்டுத் தாளில் நிறங்களைத் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதங்கள் ஒட்டி வைக்கலாம். திறந்த பாதி வெளுத்திருந்தால், சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அந்த நிறம் ஆகாது. அந்தத் துண்டை ஸ்கெட்ச்புக்கில் ஒட்டிக்கொண்டால் கடைக்குப் போகும்போது கைகொடுக்கும்.

யூடியூப் பார்த்தால் போதாதா?

போதாது. போன் திரையில் தெரியும் நிறம் வேறு, தாளில் விழும் நிறம் வேறு. வீடியோவில் வருபவரின் தாளும் தண்ணீரும் கையும் வேறு. சென்னையின் புழுக்கத்தில் தாள் காய எடுக்கும் நேரம்கூட ஊட்டியில் இருக்காது. அவரவர் பக்கத்தில் அவரவர் பண்ணிப் பார்த்ததுதான் கையில் நிற்கும்.

"எல்லாமே சோதனைன்னா படம் எப்போ போடுறது?" என்ற கேள்வி நியாயமானதே. வெறும் கட்டங்களாகவே நிரப்பிக்கொண்டிருந்தால் அதுவும் படம் போடாமல் தப்பிக்கும் ஒரு வழிதான். இடது பக்கம் சோதனை, வலது பக்கம் படம் என்று பிரித்துக்கொள்ளலாம். அழகான பக்கத்தைப் போஸ்ட் பண்ணுவதிலும் தப்பில்லை. போஸ்ட் பண்ணுவதற்காகவே பக்கத்தைத் திறப்பதுதான் சிக்கல்.

ஆங்கிலேய ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற சுமார் 300 ஸ்கெட்ச்புக்குகள் லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல பக்கங்கள் அவசரக் கோடுகளும் குறிப்புகளும்தான். கண்காட்சிக்கென்று அவர் வரைந்த ஓவியங்கள் வேறு.

பெரிய செட் வாங்கி வைத்துத் தொடாமல் விடுவதைவிட, மூன்று நான்கு டியூபை வாங்கி அடிவரை பிதுக்கிப் பார்ப்பது காசுக்கும் நல்லது, கைக்கும் நல்லது. முதல் பக்கம் இன்னும் பயமுறுத்தினால், புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் ஆரம்பிக்கலாம். அங்கே யாரும் மார்க் போட வரமாட்டார்கள்.