இரண்டாவது எல்இடி பல்பு

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு மாட்டலாமா என்ற கேள்வி தீர்ந்து வெகு நாளாயிற்று. 60 வாட்ஸ் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்இடி பல்பு தந்துவிடுகிறது. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் வெளிச்சமாகும், மீதியெல்லாம் சூடு. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிகிற பல்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணக் கணக்கில் அந்த ஒரு ஹோல்டரில் மட்டும் 15 யூனிட் மிச்சமாகிறது. பூஜை அறையில் விடிய விடிய எரியும் ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு பழைய இழை பல்பாக இருந்தால் அதுவும் பேருக்குத்தான் ஜீரோ. 15 வாட்ஸ் வரை இழுக்கும், இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் அதே இரண்டு மாதத்தில் 9 யூனிட்டைத் தின்றுவிடும். இதையெல்லாம் இன்னும் ஒருமுறை எடுத்துச் சொல்லி யாரையும் மாற வைக்க வேண்டிய நிலை இல்லை. நாம் பேசாமல் விட்டது அடுத்த கட்டத்தைப் பற்றி. முதலில் மாட்டிய எல்இடி பல்பு பியூஸ் போன பிறகு, அதே ஹோல்டரில் மாட்டுகிறோமே இரண்டாவது எல்இடி பல்பு, அதன் கணக்கு முற்றிலும் வேறு.

முதல் பல்பு போட்டியிட்டது குண்டு பல்போடு. அந்தப் போட்டியில் மட்டமான எல்இடி பல்புகூட ஜெயித்துவிடும். மேலே சொன்ன கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 92 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று பார்த்தால் 460 ரூபாய். நூறு ரூபாய்க்கு வாங்கிய பல்பு சரியாக ஓராண்டில் செத்துப்போனாலும் தன் விலையைப் போல நான்கு மடங்குக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுத்தான் சாகிறது. கடைக்காரரிடம் யாரும் சண்டைக்குப் போகாததற்கு இதுதான் காரணம். ஆனால் இரண்டாவது பல்பு எல்இடியின் இடத்துக்கு வரும் எல்இடி. அது புதிதாக ஒரு வாட்டைக்கூட மிச்சப்படுத்தப் போவதில்லை. இனி அதை அளக்க ஒரே அளவுகோல்தான் உண்டு: எத்தனை மணி நேரம் எரிகிறது? அந்த அளவுகோலைக் கையில் எடுக்க நாமும் பழகவில்லை, அரசும் பழகவில்லை. முன்பு அறைக்கு ஒரு டியூப்லைட் இருந்த வீடுகளில் இப்போது ஃபால்ஸ் சீலிங்குக்குள் எட்டுப் பத்து விளக்குகள் ஒளிந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், இது சில்லறை விஷயமாகத் தெரியாது.

விலை விஷயத்தில் அரசு செய்தது பெரிய காரியம். 2014-ல் புதுச்சேரியில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டு, 2015 ஜனவரியில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட திட்டம் பிறகு ‘உஜாலா’ என்று பெயர் பெற்றது. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இஇஎஸ்எல், கோடிக்கணக்கில் பல்புகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. 2014-ல் ஒரு பல்புக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டு மூன்று ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் மக்கள் கைக்குப் போயின. வெளிச்சந்தையிலும் விலை சரிந்தது. மானியம் கொடுத்து இறக்கிய விலை அல்ல இது. பெரிய கை ஒன்று பேரம் பேசியதால் இறங்கிய விலை. அந்தப் பெரிய கை அன்றைக்கு முதன்மையாகக் கேட்டது விலையை, அது கிடைத்தது. ஆயுளையும் அதே அழுத்தத்தோடு கேட்டால் அதுவும் கிடைக்கும் என்பதுதான் என் வாதம்.

ஆயுளைப் பற்றிப் பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது? பெரும்பாலும் 25,000 மணி நேரம். நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் பதின்மூன்றரை ஆண்டுக்கு மேல் வர வேண்டும். இன்று பிறக்கும் குழந்தை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் வரை. அதே பெட்டியின் இன்னொரு பக்கத்தில் வாரண்டி எவ்வளவு என்று பாருங்கள். ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. இரண்டாண்டு என்பது நம் கணக்கில் 3,650 மணி நேரம். அதாவது, தான் அச்சிட்ட எண்ணில் ஏழில் ஒரு பங்குக்குத்தான் நிறுவனம் கையெழுத்துப் போடுகிறது. இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 25,000 மணி என்பது உள்ளே இருக்கும் எல்இடி சில்லின் ஆயுள். சில்லைச் சில ஆயிரம் மணி நேரம் எரியவிட்டுச் சோதித்து, வெளிச்சம் மங்கும் வேகத்தைப் பார்த்து, ஆரம்ப வெளிச்சத்தில் 70 சதவீதமாக அது எப்போது குறையும் என்று கணக்குப் போட்டு நீட்டிய எண். நம் வீட்டில் எந்த பல்பும் அப்படி மெல்ல மெல்ல மங்கி ஓய்வு பெறுவதில்லை. ஒருநாள் மினுக்குகிறது, மறுநாள் எரிவதில்லை.

எரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சில்லு அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர். வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். சில்லுக்கு வேண்டியதோ அளவான நேர்மின்சாரம். இரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றிக் கொடுக்கிற சிறிய சர்க்யூட்தான் டிரைவர். அதில் இருக்கும் மின்தேக்கிக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. மேலிருந்து தொங்கும் ஹோல்டரில் பல்பைத் தலைகீழாக மாட்டும்போது, சில்லுத் தகட்டின் சூடு மேலே ஏறி நேராக டிரைவர் மடியில் போய் உட்காருகிறது. சித்திரை வெயிலில் காங்கிரீட் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ கொதிக்கும் வீட்டில், மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் கேட்கவே வேண்டாம். இடி மின்னல் நாளில் பாயும் மின்னழுத்தம் வேறு. இவற்றைத் தாங்க, சூட்டை வெளியேற்றும் அலுமினியம் கொஞ்சம் கனமாகவும், மின்தேக்கி கொஞ்சம் தரமாகவும் இருக்க வேண்டும். விலைப் போட்டியில் முதலில் வெட்டுப்படுவது அவை இரண்டும்தான். யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. 2017-ல் நீல்சன் நிறுவனம் டெல்லி, மும்பை, ஹைதராபாத், அகமதாபாத் ஆகிய நகரங்களின் கடைகளில் நடத்திய ஆய்வில், எல்இடி பல்பு பிராண்டுகளில் 76 சதவீதம் பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்யவில்லை என்று தெரியவந்தது. அந்த ஆய்வை முன்வைத்தது பெரிய உற்பத்தியாளர்களின் சங்கம், அவர்களுக்கு அதில் வியாபார நோக்கமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அதில் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிச்சமிருப்பது கவலைப்படும் அளவுதான்.

இங்கே விளக்கின் பழைய வரலாறு ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். 1924-ல் ஜெனீவாவில் உலகின் முன்னணி பல்பு நிறுவனங்கள் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணியை அமைத்தன. குண்டு பல்பின் ஆயுள் 1,000 மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்று முடிவு செய்து, மிஞ்சிய உறுப்பினர்களுக்கு அபராதமும் விதித்தன. அந்த அநியாயத்துக்கும் அவர்கள் கையில் ஒரு சாக்கு இருந்தது: இழை பல்பில் ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் மங்கும், மின்சாரம் வீணாகும். எல்இடியில் அந்தச் சாக்கும் செல்லாது, ஏனெனில் இங்கே இயற்பியல் வாங்குகிறவர் பக்கம் நிற்கிறது. சில்லுகளைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் குறைந்த மின்சாரம் கொடுத்தால் சூடு குறைகிறது, ஆயுள் கூடுகிறது, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடுகிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2016-ல் துபாய் மாநகராட்சி கேட்டுக்கொண்டபடி பிலிப்ஸ் நிறுவனம் ‘துபாய் லேம்ப்’ என்ற பல்பைச் செய்து கொடுத்தது. 3 வாட்ஸில் 600 லூமென், அதாவது வாட்டுக்கு 200 லூமென். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பல்பு வாட்டுக்கு 100 லூமென் சுற்றித்தான் இருக்கும். தொழில்நுட்பம் அன்றே இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஒரு மாநகராட்சி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தரத்தைக் கூட்டினால் விலை ஏறும், ஏழைகளால் வாங்க முடியாது என்ற ஆட்சேபம் உடனே வரும். நியாயமான ஆட்சேபம்தான், ஆனால் அது தவறான பக்கத்துக்கு வாதாடுகிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள சிறு வீடு அந்த நூறுக்குள் அடங்கிவிட்டால், எல்இடி பல்பு மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் லாபமும் மின்வாரியத்துக்கும் அரசுக்கும் போகிறது. பல்பின் விலை மட்டும் அந்த வீட்டின் தலையில் விழுகிறது. எட்டு மாதத்துக்கு ஒரு பல்பு வாங்கும் குடும்பத்துக்கு மலிவு பல்புதான் உண்மையில் அதிக விலையுள்ள பல்பு. மாறாக, 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நடுத்தர வீட்டுக்கு யூனிட் மிச்சமே பெரிய லாபம். பல்பு விலை அதற்குப் பொருட்டில்லை. ஆகவே ஆயுள் குறைந்த பல்பால் அதிகம் அடிபடுவது யாருக்காக விலையைக் குறைத்ததாகச் சொல்கிறோமோ அவர்கள்தான்.

கண்ணுக்குக் கெடுதல் என்ற பேச்சும் இங்கேதான் வந்து சேர்கிறது. எல்இடியின் வெள்ளை வெளிச்சம் நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசிப் பெறுவது. ஆகவே நீலம் அதில் கூடுதல், குறிப்பாக 6,500 கெல்வின் என்று போட்டிருக்கும் பளீர் வெள்ளையில். ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2018-ல் ஆராய்ந்து, வழக்கமான வீட்டுப் பயன்பாட்டில் ஆரோக்கியமானவர்களுக்கு நேரடிக் கெடுதல் ஏற்படுவதற்கான சான்று இல்லை என்றது. தூக்கம் கலைவதாகத் தோன்றினால் படுக்கையறைக்கு 3,000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் வாங்கினால் போதும். ஆனால் தலைவலி, கண் கூச்சம் என்று பலர் சொல்வதில் இன்னொரு பங்கு உண்டு. மின்தேக்கியில் காசு மிச்சம் பிடித்த பல்பு நொடிக்கு நூறு முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைபேசிக் கேமராவை அதன் பக்கம் திருப்பினால் திரையில் பட்டை பட்டையாக ஓடுவது தெரியும். ஆயுளைக் குறைப்பதும் கண்ணை உறுத்துவதும் ஒரே மட்டமான டிரைவர் என்பதால் இரண்டு புகாருக்கும் மருந்து ஒன்றுதான்.

பழுது பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டியூப்லைட்டில் டியூப், ஸ்டார்ட்டர், சோக்கு மூன்றும் தனித்தனி. எது போனதோ அதை மட்டும் மாற்றினோம், பட்டி இருபது ஆண்டு சுவரில் கிடந்தது. இப்போது வரும் எல்இடி பட்டியில் உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போனாலும் முழுப் பட்டியையும் கழற்றி எறிகிறோம். 40 வாட்ஸ் டியூபும் சோக்கும் சேர்ந்து 50 வாட்ஸுக்கு மேல் இழுத்த இடத்தில் 20 வாட்ஸ் பட்டி வந்தது நல்லதுதான். அதற்காக மாற்றிப் போடும் வசதியையும் ஏன் இழக்க வேண்டும்? சந்தைத் தெருக்களில் பல்பின் மூடியைத் திறந்து, கரும்புள்ளி விழுந்த சில்லைக் கண்டுபிடித்து, அதைத் தாண்டி ஈயம் வைத்து எரிய வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறன் பாராட்டத் தக்கது. ஆனால் ஒரு சில்லைத் தாண்டிவிட்டால் மீதிச் சில்லுகளின் மேல் சுமை ஏறுகிறது, பல்பு வெகுநாள் தாங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள், விளக்குக்குள் இருக்கும் ஒளிமூலத்தையும் டிரைவரையும் கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்கின்றன. சந்தையில் எடுத்த பல்புகளை ஆயிரக்கணக்கான மணி நேரம் அணைத்து அணைத்து எரியவிட்டு, பத்தில் ஒன்பதாவது தேற வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்தியத் தரநிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு நமக்கும் உண்டு. பெட்டியில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண் இல்லாத பல்பைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்தப் பதிவெண் முக்கியமாகப் பாதுகாப்புக்குச் சாட்சி சொல்கிறது. எத்தனை நாள் எரியும் என்பதற்கு அது சாட்சி அல்ல.

வாங்குகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: வாட்ஸைப் பார்க்காமல் லூமெனைப் பார்ப்பது, பில் இல்லாமல் வாங்காமல் இருப்பது, வாரண்டி தேதியை பல்பின் அடியிலேயே பேனாவால் எழுதிவைப்பது, போனால் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றுவது. இதைப் பத்துப் பேர் செய்தால் கடைக்காரர் எந்த பிராண்டை அடுக்குவது என்று யோசிப்பார். பெரிய மாற்றம் பெரிய கையிடமிருந்துதான் வர வேண்டும். உஜாலா பல்புகளுக்கு மூன்றாண்டு இலவச மாற்று உத்தரவாதம் இருந்தது; ஆகவே மலிவு விலையும் நீண்ட வாரண்டியும் ஒன்றாக வராது என்ற பேச்சு எடுபடாது. இனி உள்ளாட்சிகளும் பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் வாங்கும் விளக்குகளுக்கு டெண்டரில் ஐந்தாண்டு வாரண்டியைக் கட்டாயமாக்கினால், அந்தத் தரத்துக்கு உற்பத்தி வரிசைகள் மாறும், அதே பல்பு தெருமுனைக் கடைக்கும் வரும். இது பேராசை என்று நிறுவனங்கள் சொல்லலாம். நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று பார்த்தால் ஐந்தாண்டு என்பது 9,125 மணி நேரம். அவர்களே பெட்டியில் அச்சிட்ட எண்ணில் அது பாதிகூட இல்லை.