பதம் பார்த்த கை எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் மொழி. அடுப்பங்கரையில் இது முற்றிலும் உண்மை. ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்த அரிசி அல்லவா? ஆனால் ஒரு நாட்டுக்கும் அந்நாட்டு மக்களுக்கும் இது பொருந்துமா? நாலு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, 'அந்த நாட்டார் இப்படிப்பட்டவர்கள்' என்று தீர்ப்புக் கூறும் வெளிநாட்டுப் பயணியின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்?

இந்த வினாவை என்னுள் எழுப்பியது உக்ரைன் நாடு. எங்கள் ஊர் அக்கா ஒருவர் அங்கே கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தார். அவர் புறப்பட்ட அன்று, "ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிறாள்" என்றுதான் எங்கள் தெருவே பேசிற்று. நானும் அப்படியே சொன்னேன். 2022ஆம் ஆண்டு போர் மூண்டு அவர் ஊர் திரும்பிய பிறகுதான், அது வேறு நாடு, அவர்கள் வேறு மக்கள் என்பது எனக்கு உறைத்தது. வெட்கத்தோடு நூலகத்திற்குச் சென்று, அந்நாட்டை வெளியார் எவ்வாறு கண்டனர் என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததையும் அதனால் நான் கொண்ட கருத்தையும் இங்கே முன்வைக்கிறேன்.

கோட்டை கட்ட வந்தவர்

பதினேழாம் நூற்றாண்டில் பொப்லான் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் போலந்து மன்னரின் ஊழியத்தில் உக்ரைனுக்கு வந்தார். அப்போது அந்நிலம் போலந்தின் ஆட்சியில் இருந்தது. அடங்க மறுத்த கொசாக்கு வீரர்களை அடக்குவதற்காக நீப்பர் ஆற்றங்கரையில் 1635இல் கோடாக் கோட்டையை அமைத்தவர் அவரே. ஆயினும் 1651இல் அவர் வெளியிட்ட நூலைப் பற்றிப் படிக்கும்போது வியப்பு மேலிடுகிறது. எந்த மக்களை அடக்க வந்தாரோ, அந்த மக்களின் விடுதலை வேட்கையை அவர் மறைக்கவில்லை. அவர்களுள் தச்சரும் கொல்லரும் தோல் பதனிடுவோரும் உண்டு, எத்தொழிலிலும் கைதேர்ந்தவர்கள் என்று எழுதினார். பொன் விளையும் மண்ணில் பிறந்த உழவர்கள் வாரத்தில் மூன்று நாள் பிரபுக்களுக்காக உழைக்க வேண்டியிருந்த கொடுமையையும் எழுதினார். அவர்களுடைய குடிப்பழக்கத்தையும் விட்டுவைக்கவில்லை.

அரசனின் சம்பளம் வாங்கியவர் எப்படி உண்மையை எழுதினார்? பல்லாண்டுகள் அம்மண்ணில் வாழ்ந்தார், ஆற்றையும் வயலையும் தாமே அளந்தார் என்பதே என் விடை.

எழுத்தறிந்த மகளிர்

1654இல் வேறொரு பயணி வந்தார். சிரியா நாட்டு அலெப்போ நகரைச் சேர்ந்த பவுல் என்னும் கிறித்துவத் திருத்தொண்டர். தம் தந்தையாகிய அந்தியோக்கியா மறைமுதல்வருடன் மாஸ்கோ செல்லும் வழியில் உக்ரைனைக் கடந்தார். கண்டதையெல்லாம் அரபு மொழியில் எழுதி வைத்தார். போரினால் கணவரை இழந்த பெண்களும் தந்தையை இழந்த குழந்தைகளும் எங்கும் நிறைந்திருந்தனர் என்கிறார். அதே வேளையில் ஆண்கள் மட்டுமின்றி அவர்களுடைய மனைவியரும் மகளிருமே பெரும்பாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று கூறி வியக்கிறார்.

இந்த வரியைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னுடைய சேர்க்கைப் படிவத்தில் என் அம்மா இட்டது கைநாட்டு. ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பெண் கையில் புத்தகம் ஏந்தி நின்றாள் என்றால், அதன் அருமை எனக்குத் தெரியும். அவ்வருமையைப் பிற்கால அரசுகள் அறியவில்லை. 1783இல் ரஷ்யப் பேரரசி காதரின் நீப்பரின் கிழக்குக் கரை உழவர்களைப் பண்ணையடிமைகள் ஆக்கினார். 1876இல் உக்ரைன் மொழியில் நூல் அச்சிடுவதே பெரும்பாலும் தடை செய்யப்பட்டது. அதன்பின் வந்த பயணி அங்கே எழுத்தறியாத மக்களைக் கண்டு, 'இவர்கள் அறியாமையில் உழலும் குடியானவர்கள்' என்று எழுதினால், அது பாதி உண்மையே ஆகும். அவர்கள் அறியாதவர்களாக ஆக்கப்பட்டனர் என்பது மறு பாதி!

மாளிகைச் சாளரம்

உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1847இல் உக்ரைனுக்கு வந்தார். தாம் காதலித்த ஹான்ஸ்கா சீமாட்டியின் வெர்கிவ்னியா மாளிகையில் தங்கினார். அம்மாளிகையைப் பாரிஸின் லூவர் அரண்மனைக்கு ஒப்பிட்டார். கடல்போல் விரிந்த கோதுமை வயல்களைக் கண்டு மயங்கினார். அங்குள்ள ஓக் மரங்களைப் பிரான்சுக்கு அனுப்பிப் பொருள் ஈட்டலாமா என்றும் கணக்குப் போட்டார். 1850 மார்ச்சில் பெர்திச்சிவ் நகரில் அச்சீமாட்டியை மணந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிசில் மறைந்தார்.

அவர் வந்த அதே 1847இல் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பண்ணையடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, தம் மக்களின் மொழியில் பாடிய கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ கைது செய்யப்பட்டார். எழுதவும் கூடாது, ஓவியம் தீட்டவும் கூடாது என்ற கட்டளையுடன் தொலைதூரப் படைப்பிரிவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒரே நாடு, ஒரே ஆண்டு. மாளிகையின் சாளரம் வழியே பார்த்தவருக்குக் கோதுமை தெரிந்தது. கோதுமையை விளைவித்தவனின் மகன் கண்டதை எழுதினான். அவன் எழுதுகோல் பறிக்கப்பட்டது. பால்சாக்கைப் பழிப்பது என் நோக்கமன்று. விருந்தாளிக்கு வீட்டுக்காரர் திறந்துவிட்ட சாளரம்தான் கிடைக்கும் என்பதே நான் சொல்ல வருவது.

ஒரே ஆண்டு, இரு சாட்சிகள்

இதுவரை சொன்னவை சுவையான செய்திகளாக இருக்கலாம். இனிச் சொல்லப்போவது உயிர்ப் பிரச்சினை.

1932–33இல் உக்ரைனில் பெரும் பஞ்சம் நிகழ்ந்தது. மழை பொய்த்ததால் வந்த பஞ்சமன்று அது. ஸ்டாலின் அரசு உழவர்களிடமிருந்து தானியத்தை வழித்து எடுத்துக்கொண்டது. 1933 ஜனவரியில், பசித்தவர்கள் உணவு தேடி உக்ரைனை விட்டு வெளியேறவும் தடை விதித்தது. 35 லட்சம் முதல் 40 லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. உலகின் மிக வளமான கருமண் நிலத்தில் இது நடந்தது!

அவ்வாண்டு மார்ச்சில் கேரத் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞர் அங்கே சென்றார். வயது 27. ரஷ்ய மொழி அறிந்தவர். அவருடைய தாயார் இளமையில் இன்றைய டொனெட்ஸ்க் நகரில் ஒரு வேல்ஸ் குடும்பத்துக்கு ஆசிரியையாக இருந்தவர். தாய் சொன்ன கதைகளால் அம்மண்மீது பற்றுக் கொண்ட ஜோன்ஸ், முதுகில் உணவுப் பையுடன் ரயிலை விட்டு இறங்கிச் சிற்றூர்களின் வழியே நடந்தார், குடிசைகளில் தங்கினார். பயணத்தின்போது ரயிலில் ஒரு கட்சிக்காரர் பஞ்சமே இல்லை என்று அவரிடம் சாதித்தாராம். ஜோன்ஸ் தாம் தின்ற ரொட்டியின் ஓரத்தை எச்சில் படிக்கத்தில் எறிந்தார். உடனே அருகிலிருந்த குடியானவர் ஒருவர் அதை எடுத்து ஆவலோடு தின்றார். ஒரு சோறு பதம் என்பது இதுவன்றோ! மார்ச் 29இல் பெர்லினில் அவர் உண்மையை உலகுக்கு அறிவித்தார். இரண்டே நாளில், மாஸ்கோவிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டுராண்டி அதை மறுத்து எழுதினார்.

அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பிரான்சின் முன்னாள் பிரதமர் எரியோ அரசு விருந்தினராக வந்தார். அவர் வருமுன் தெருக்கள் கூட்டப்பட்டன, கடைகளில் பண்டங்கள் நிரப்பப்பட்டன. அவர் திரும்பிச் சென்று, உக்ரைன் பூத்துக் குலுங்கும் தோட்டம்போல் இருக்கிறது என்றார். உலகம் முன்னாள் பிரதமரை நம்பிற்று. நடந்து சென்ற இளைஞரை நம்பவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா?

அக்கா கண்ட உக்ரைன்

2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது, உக்ரைனில் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் இருந்தனர். அவர்களும் வெளிநாட்டுப் பயணிகள்தாமே! அக்காவிடம், "அந்த ஊர்க்காரர்கள் எப்படி அக்கா?" என்று கேட்டேன். அவர் ஒரே சொல்லில் விடை தரவில்லை. நிலவறையில் பதுங்கியிருந்தபோது தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்த விடுதிப் பாட்டியைப் பற்றிச் சொன்னார். ஓர் எல்லைச் சாவடியில், வரிசையிலிருந்து தங்களைப் பின்னுக்குத் தள்ளிய காவலரைப் பற்றியும் சொன்னார். "வீட்டில் ரஷ்ய மொழி பேசுகிறவர்களே, 'நாங்கள் உக்ரைனியர்' என்று அழுத்திச் சொல்வார்கள் தம்பி" என்றார். 1991 டிசம்பரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தனிநாட்டுக்கு வாக்களித்ததன் பொருள் எனக்கு அப்போது இன்னும் தெளிவாயிற்று.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! ஒரு சோற்றில் பதம் பார்க்கலாம். ஆனால் பானைக்குள் கைவிட்டு எடுத்தது யார் என்று கேட்க வேண்டும். பரிமாறுகிறவர் தேர்ந்தெடுத்து இலையில் இட்ட சோறு பதம் ஆகாது. ஒரு நாட்டைப் பற்றி யார் எது சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்போம்: எவருடைய விருந்தாளியாகச் சென்றார்? எத்தனை நாள் இருந்தார்? எளியவர்களின் மொழியில் பேசினாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மக்களே தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று செவி கொடுப்போம்.

இனி எங்கள் தெருவில் யாராவது அக்காவை 'ரஷ்யாவில் படித்த பெண்' என்று சொன்னால், நான் திருத்தாமல் விடமாட்டேன்.