மைக் வாங்குறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்துவோம்



நம்ம ஊர்ப் பெரியவங்களைப் பேட்டி எடுத்து, பாட்காஸ்ட் மாதிரி ஒலிப்பதிவு செய்து ஆண்டு விழாவில் போடலாம் என்று தமிழ் டீச்சர் சொன்னதிலிருந்து எல்லா வகுப்பிலும் இதே பேச்சுதான். (பாட்காஸ்ட் என்றால் என்ன என்று கேட்ட ஆறாம் வகுப்புத் தங்கச்சிகளுக்கு: ரேடியோ பேட்டி மாதிரிதான். செல்லில் நினைத்த நேரம் போட்டுக் கேட்கலாம்.) பத்தாம் வகுப்பு அண்ணன்கள், யூடியூபில் வருகிற மாதிரி ஸ்டாண்டு வைத்த பெரிய மைக் வாங்கணும், அதற்கு வகுப்பு வகுப்பாகக் காசு சேர்க்கணும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். பொறாமையில் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

போன தை மாசம் எங்க அப்பத்தா நடவுக்குப் போன காலத்துக் கதையெல்லாம் சொல்லி, நாலு நடவுப் பாட்டும் பாடுச்சு. அம்மாவோட செல்லை ஜன்னல்ல வச்சு முக்கால் மணி நேரம் பதிவு பண்ணினேன். அன்னைக்கே போட்டுக் கேட்கலை. பங்குனியில அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்துருச்சு. இப்ப பேசுது, ஆனா வார்த்தை பிடிபடலை. அதுக்கப்புறம்தான் பதிவைக் கேட்டேன். மேல ஃபேன் சத்தம், அதுக்கு அடியில எங்கேயோ அப்பத்தா. பக்கத்து வீட்டுல மோட்டார் போட்டதும் ரெண்டாவது பாட்டு முழுசா முங்கிப் போச்சு. நடுவுல அத்தை போன் பண்ணினதுல பதிவு நின்னு போய், கடைசிப் பாட்டு இல்லவே இல்லை. நாலு பாட்டுல ஒண்ணரைப் பாட்டுதான் எங்க வீட்ல மிச்சம்.

செல்லைக் குறை சொல்ல மாட்டேன். ஆறடி தள்ளி வச்சது நான்தான். தூரம் பாதியானால் குரலின் வலு நாலு மடங்கு ஆகும் என்று அறிவியல் சார் சொன்னார். ஃபேன் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கும், அதனால் அதன் சத்தம் அப்படியேதான் இருக்கும். அதே செல்லை அப்பத்தா வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஃபேனை நிறுத்தி, ஏரோபிளேன் மோடில் போட்டிருந்தால் காசு செலவே இல்லாமல் நாலு பாட்டும் கிடைத்திருக்கும்.

அடுத்து இடம். காலி வகுப்பறையில் பேட்டி எடுக்கலாம் என்கிறார்கள். அங்கே கை தட்டிப் பாருங்கள். ஒலி பாடத்தில் படித்த எதிர்முழக்கம் அதுதான். சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பித் திருப்பி அடிக்கும். பெரிய மைக் வைத்தால் அதையும் சேர்த்துத்தான் பிடிக்கும். யூடியூப்காரர்கள் சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டியிருப்பதை அண்ணன்கள் கவனிக்கவில்லை போல! நெல் மூட்டை அடுக்கின அறையில் கை தட்டினால் சத்தம் அப்படியே அமுங்கிப் போகுது. நான் தட்டிப் பார்த்தேன்.

அந்த மைக்கில் பல வகை கம்ப்யூட்டரோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். களத்துமேட்டுக்கு எதைத் தூக்கிப் போவது? இன்னொன்று, மூஞ்சிக்கு முன்னாடி அவ்வளவு பெரிய மைக்கைப் பார்த்தால் கிழவிகள் கட்சிக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசுவார்கள், இல்லை வாயையே திறக்க மாட்டார்கள்.

காசு சேர்த்தே ஆகணும் என்றால் சட்டையில் குத்துகிற ஒயர் மைக் ஒன்று போதும். வாங்கும் முன் செல்லில் எந்த ஓட்டை இருக்கு என்று பார்க்கணும். உருண்டை ஓட்டை என்றால், பின்னில் மூணு வளையம் போட்ட மைக்தான் செல்லுக்கு. ரெண்டு வளையம் போட்டது கேமராவுக்கு, செல்லில் நேராகச் செருகினால் கேட்காது. புது செல்களில் அந்த ஓட்டையே இருக்காது, டைப்-சி மைக் கேட்டு வாங்கணும். சாதா புளூடூத் ஹெட்செட் வேண்டவே வேண்டாம். அதில் பதிவு செய்தால் போன் பேசுகிற குரல் மாதிரி நசுங்கித்தான் வரும்.

மைக்கை முந்தானையில் தோள் பக்கமாகக் குத்தணும். பாசிமணி உரசினால் அது இடி மாதிரி விழும். நைலக்ஸ் சேலையும் சரசரக்கும். கேள்வி கேட்கிறவங்க குரல் சன்னமாக விழுந்தால் பரவாயில்லை, நம்ம குரல் எங்கேயும் போகாது.

பதிவு செய்கிற ஆப்பில் வேவ் என்று இருந்தால் அதையே வையுங்கள். ஒரு மணி நேரம் சுமார் 300 எம்.பி. பிடிக்கும், அதனால் பழைய வீடியோக்களை முதலில் அழிக்கணும். ஒரு நிமிஷம் பதிவு செய்து, இயர்போனில் கேட்டுவிட்டு, அப்புறம் கேள்வியை ஆரம்பிக்கணும். நான் செய்யாதது அந்த ஒரு நிமிஷ வேலைதான். முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லப் போகிறேன். அண்ணன்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஊரில் நடவுப் பாட்டு தெரிந்த கிழவிகள் இன்னும் ஆறேழு பேர் இருக்கிறார்கள், அதில் ரெண்டு பேருக்கு இருமல். மைக் வருகிற வரை காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமைக்கு எங்க வீட்டு நெல் மூட்டை அறையைத் தருகிறேன் என்று அம்மா சொல்லிட்டாங்க. ஆட்டுக்குட்டியை மட்டும் யாராவது தெருக்கோடிக்குப் பிடித்துக்கொண்டு போகணும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி