பால்பல்தானே என்னும் கொள்கை

‘பால்பல்தானே, விழுந்தால் முளைக்கும்’ என்று பாட்டி சொன்னால் அது ஆறுதல். அரசின் சுகாதார அமைப்பே அப்படி நடந்துகொண்டால் அதற்குப் பெயர் வேறு. தில்லியில் இன்று எழுதப்படாத கொள்கையாக நிலவுவது அதுவே.

ஏழு வயதுக் குழந்தையின் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சொத்தையால் பிடுங்கப்படுகிறது என்று கொள்வோம். அது இயல்பாக விழவேண்டிய வயது 10 முதல் 12. அதன் பின்னால் ஆறு வயதிலேயே முளைத்துவிட்ட நிரந்தரக் கடைவாய்ப்பல், முன்னே தடுக்கப் பல் இல்லாமல், வெற்றிடத்தை நோக்கிச் சாய்கிறது. இட இழப்பின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களிலேயே நேர்ந்துவிடும். அடியில் காத்திருக்கும் முன்கடைவாய்ப்பல் வரிசைதப்பி வரலாம்; எலும்புக்குள்ளேயே சிக்கியும் கொள்ளலாம். இதைத் தடுக்கப் பெரும்பாலும் ஓர் எஃகு வளையமும் அதில் பற்றவைத்த கம்பிக் கண்ணியும் போதும். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்பது அவ்வளவுதான். (முன்பல் போனால் இந்த ஆபத்து குறைவு, பெற்றோர் பதறுவதென்னவோ முன்பல்லுக்குத்தான்.)

தலைநகரில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. எய்ம்ஸிலும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் குழந்தைப் பல் மருத்துவம் முதுநிலைப் பாடம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரமும் பல் நோய்களைத் தன் பரிசோதனைப் பட்டியலில் வைத்திருக்கிறது. கண்டுபிடித்த பிறகு என்ன? 2025 ஏப்ரலில் தில்லி இணைந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு உள்நோயாளிகளுக்கானது. பல் மருத்துவரின் நாற்காலியோ புறநோயாளிப் பிரிவில் இருக்கிறது. சீலம்பூரின் தினக்கூலிக் குடும்பத்துக்குப் பல்லைப் பிடுங்குவது ஒருநாள் வேலை. கருவி என்றால் அளவெடுக்க ஒருநாள், பொருத்த ஒருநாள், பிறகு கழன்றதா என்று பார்க்க ஆண்டுக்கணக்கில் வருகை. ஒவ்வொன்றும் ஒருநாள் கூலி.

ஆய்வுலகமும் இதில் நிரபராதியன்று. 2002–03இன் தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு 5 வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சொத்தை என்றது. அன்றுமுதல் ஆய்வேடுகள் பள்ளி பள்ளியாகச் சென்று சொத்தை, இழப்பு, அடைப்பு ஆகிய மூன்றையும் கூட்டும் டிஎம்எஃப்டி குறியீட்டையே மீண்டும் மீண்டும் கணக்கிடுகின்றன. சொத்தைப் பல் ஒன்று பிடுங்கப்பட்டால் அது முதற்கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு நகர்கிறது, கூட்டுத்தொகை மாறுவதில்லை. தாடையில் இடம் சுருங்குவதைப் பதியக் கட்டமே இல்லை. முன்னும் பின்னும் ஒன்றாகவே தெரியும் அளவுகோலை வைத்துக்கொண்டு கொள்கை வகுப்போரைக் குறைகூற முடியுமா?

கருவியின் நீண்டகாலப் பயனுக்குச் சான்று போதாது என்று மறுப்பு வரும். உண்மைதான், வலுவான ஆய்வுகள் குறைவு. பிடுங்கிய பிறகு குழந்தையைப் பின்தொடராத இடத்தில் சான்று எங்கிருந்து சேரும்? எந்தப் பல், எந்தத் தேதி, பெற்றோரின் தொலைபேசி எண் என்று ஒரு பதிவேட்டில் எழுதி, ஆறாம் மாதத்தில் மீண்டும் அழைப்பதற்குப் பெரிய நிதிநல்கை எதுவும் தேவையில்லை.