அச்சமறியாதவனுக்கு வீரம் ஏது?

அறிபுனைப் போர் விளையாட்டுகளைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்கும் பேராசிரியர்களும், அவற்றின் மாவீரர்களை மட்டுமே கொண்டாடும் மாணவர்களும் செய்யும் பிழை ஒன்றே. படைவரிசையில் நிற்கும் எளிய மனிதன் இரு சாராரின் கண்ணிலும் படுவதில்லை.

1987இல் பிரிட்டனில் வெளிவந்த 'வார்ஹாமர் 40,000' இதற்குச் சான்று. அதன் விண்வெளி மறவர்கள் உடல் திருத்தி உருவாக்கப்பட்டவர்கள். அவர்கள் அச்சமறியார் என்பது பின்னாளில் ஆட்ட விதியாகவே எழுதப்பட்டது. சாதாரணக் காலாட்படையான இம்பீரியல் கார்டுக்கு அச்சலுகை இருக்கவில்லை. முந்தைய பதிப்புகளில், இழப்பு மிகும்போது அவர்கள் நிற்பார்களா, ஓடுவார்களா என்பதைப் பகடை உருட்டித்தான் அறிய வேண்டியிருந்தது. ஓட வாய்ப்பிருந்தும் நிற்பவனையன்றி வேறு யாரை வீரன் என்பது? ஓடுபவனைச் சுடக் கமிசார் பின்னே நிற்கிறாரே எனலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் கமிசார் இல்லாத அணியும் அதே பகடையால் நின்றது.

இது மேற்கின் கண்டுபிடிப்பும் அன்று. பாசனுடையவை எனக் கருதப்படும் நாடகங்களைத் தி. கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்றான ஊருபங்கத்தில் வீமனும் துரியோதனனும் கதையால் மோதுவதைச் சொல்வோர் பெயரற்ற மூன்று படைவீரர். அவர்களை வெறும் 'செய்தி சொல்லும் உத்தி' எனக் கடந்துவிடும் ஆய்வு, தெய்வக் கணைகள் பறந்த களத்தில் வரமும் கவசகுண்டலமும் இன்றி நின்றவர்களைத் தவறவிடுகிறது. அடுத்த முறை பல்கலைக்கழக மேடையில் அந்நாடகம் ஏறும்போது, நேரமில்லை என்று அம்மூவரின் பகுதியை யாரும் வெட்டாதிருக்கட்டும்.