வரித் தள்ளுபடி: ஏழைக்கு எவ்வளவு?

ரூ.12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், ரூ.20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், ரூ.40,000. ஆக ரூ.60,000. இதைத்தான் அரசு தள்ளுபடி செய்கிறது.

குறைந்த வருமானக்காரருக்கு இதே கணக்கைப் போட்டால் விஷயம் தலைகீழ். 12 லட்சம் வாங்குபவருக்குச் சலுகை 60,000. 8 லட்சத்துக்கு 20,000. 3 லட்சத்துக்குப் பூஜ்யம். வரியே இல்லாதவருக்கு எதைத் தள்ளுபடி செய்வது? அமெரிக்காவில் 1975 முதல், குறைந்த கூலிக்காரருக்குரிய சலுகை அவர் கட்டும் வரியை மிஞ்சினால் மீதியைப் பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள்.

கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹலட்சுமி ஓரளவு அந்த வேலையைச் செய்கிறது. ரேஷன் கார்டில் உள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ.2,000, அவரோ கணவரோ வருமான வரி கட்டினால் கிடையாது. ஸ்ரீராமபுரத்துக் கூலிக் குடும்பத்துக்கு டில்லியின் 60,000ஐ விட இந்த 24,000 பெரிது. ஆனால் தவணைகள் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதும் உண்டு. அதை நம்பிக் கடன் வாங்கினால் வட்டிதான் மிஞ்சும்.

கார்டைக் கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ வைத்துவிட்டு இங்கே கட்டட வேலை பார்ப்போர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது 2023 செப்டம்பரில் தமிழகம் தொடங்கிய மாதம் ரூ.1,000 மகளிர் உரிமைத் தொகையை.